தெல்லிப்பழை வழியில் ஒரு பிரேதமும் ஒரு வண்டி விறகும்

எங்கள் சபைப் பிள்ளைகள் சிலர் அடுத்த மாதம் யாழ்ப்பாணத்துக்கு ஊழியம் போகிறார்கள். “ஆச்சி, நீங்க அந்தக் காலத்திலேயே போனவங்க, என்னென்ன கொண்டு போகணும்னு சொல்லுங்க” என்று வந்து நின்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். போனில் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்கிறது, பேத்தி பிழை பார்க்கிறாள். அதனால் இதில் பிழை இருந்தால் அது அவளுடையது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சபையின் ஆண்டு மலரில் அந்தப் பயணத்தைப் பற்றி நாலு வரி போட்டார்கள். ஒரு முதிய சைவர் நம் குழுவின் கையில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார் என்று அதில் ஒரு வரி, கிறிஸ்தவராகவே செத்தார் என்று அர்த்தம். அந்தப் பெரியவரை எனக்குத் தெரியும். அவருக்குக் கஞ்சி ஊற்றியவள் நான். குழுப் படத்தில் நான் இல்லை, படம் எடுத்த நேரம் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். படத்தில் இல்லாதவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று நினைத்துவிட்டார்கள் போல.

1987 ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினோம். இலங்கையில் சமாதான ஒப்பந்தம் ஆகிவிட்டது, இனி சண்டை இல்லை என்று எல்லாரும் சொன்ன நேரம். பாஸ்டர் ஜெபமணிதான் குழுத்தலைவர். அவரோடு நாலு வாலிபர்கள், ஒரு நர்ஸ், சமைப்பதற்கு நான். எனக்கு அப்போது நாற்பது வயது, புருஷன் தவறி ஐந்து வருஷம். எங்கள் ஊர் நாசரேத்திலிருந்து திருச்சிக்குப் பஸ், திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம். விமானத்தில் ஏறிய வேகத்தில் இறங்கச் சொல்லிவிட்டார்கள், அவ்வளவு பக்கம். அந்த நாட்டைத்தான் வெளிநாடு என்று ஊரில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

கொழும்பிலிருந்து வடக்கே ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். வேன், ஆளுக்கு இருநூறு ரூபாய் அந்த ஊர்க் காசு. விடிகாலை நாலு மணிக்கு ஏறினோம், மிஷன் வளவில், அதாவது காம்பவுண்டில், இறங்கும்போது சாயங்காலம் ஐந்தரை. வழியில் எத்தனை சோதனைச் சாவடி என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றிலும் இறங்கி, பையைத் திறந்து, மூடி, ஏறி, முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் சிவம் அண்ணை கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. உதைத் தாண்டினால் எங்கடை இடம்தான்.”

சாவகச்சேரிச் சந்தையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். பாஸ்டர் எல்லாருக்கும் ஒவ்வொரு பணிஸ், நம் ஊர் பன், வாங்கிக் கொடுத்தார், என்னை மறந்துவிட்டார். இதையெல்லாம் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருப்பாயா என்று என் மகன் கேட்பான். வைத்திருப்பேன். சிவம் அண்ணைதான் தன்னுடையதில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

“நீங்கள் என்ன ஊழியம் அக்கா?”

“சமையல்.”

“அப்ப நீங்கள்தான் முக்கியமான ஆள். பிரசங்கம் இல்லாட்டியும் மனிசர் இருப்பினம்.”

நாங்கள் தங்கிய மிஷன் வளவு தெல்லிப்பழைக்குப் போகிற ரோட்டில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு பழைய வேதக் கோவில், ஒரு நீளமான ஹால், பின்னால் கல்லறைத் தோட்டம், கிணறு, சமையல் கட்டு. சமையல் கட்டை அங்கே குசினி என்பார்கள். என்னை எல்லாரும் குசினி அக்கா என்றே கூப்பிட்டார்கள். ரத்தினபாய் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதை அங்கே யாரும் கேட்கவில்லை.

முதல் ஒரு மாதம் சுகமாகத்தான் போனது. வாலிபர்கள் ஓய்வுநாள் பள்ளி நடத்தினார்கள், நர்ஸ் வீடு வீடாகப் போனார், பாஸ்டர் பேசினார். அந்த ஜனங்கள் மரியாதையாகக் கேட்பார்கள், தேநீர் கொடுப்பார்கள், கேட் வரை வந்து வழியனுப்புவார்கள். திரும்பிப் போய்த் திருநீறு பூசிக்கொள்வார்கள்.

அக்டோபரில் சண்டை திரும்ப ஆரம்பித்தது, இந்த முறை நம் நாட்டு ராணுவத்தோடு. ஷெல் விழுந்த ஊர்களிலிருந்து ஜனங்கள் ஹாலுக்கு வந்து சேர்ந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் ஒரு சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு முப்பது குடும்பம். வெளியே ஊரடங்கு. அதன் பிறகு ஓய்வுநாள் பள்ளி இல்லை, பிரசங்கம் இல்லை. ஊழியம் என்பது இரண்டு கிடாரம் கஞ்சி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் கிடாரத்தைத் தேய்ப்பது. வெளிநாட்டு ஊழியம் போகிற பிள்ளைகளே, பெரும்பாலும் அது பாத்திரம் தேய்ப்பதுதான். கையில் நகம் வளர்க்காதீர்கள்.

விறகு ஒன்றுதான் கவலை. சண்டைக்கு முன்னால் வளவில் விழுந்த ஒரு வேப்பமரத்தை வெட்டிக் குசினிக்குப் பின்னால் அடுக்கியிருந்தோம். அதை வைத்துத்தான் அத்தனை வாய்க்கும் சமையல். வெளியே போய்ப் பொறுக்க முடியாது. பாஸ்டர் தினமும் வந்து அடுக்கைப் பார்த்துவிட்டுப் போவார். நானும் தினமும் ஒரு கட்டை குறைத்து எரிக்கப் பார்ப்பேன்.

ஹாலின் கடைசி மூலையில் சண்டிலிப்பாயிலிருந்து வந்த கந்தையா இருந்தார். புகையிலைத் தோட்டக்காரர், எழுபதைத் தாண்டியவர். மூச்சிரைப்பு. கூட மனைவி பொன்னம்மா, அண்ணன் மகன் செல்வராசா. சொந்த மகன் ஜெர்மனியில். கந்தையா என்னை ‘இந்தியா’ என்றுதான் கூப்பிடுவார்.

“இந்தியா, இண்டைக்கும் கஞ்சிதானோ?”

“ஆமாய்யா.”

“உங்கடை ஆமி ஷெல் தருது, நீங்கள் கஞ்சி தாறியள். ரெண்டையும் வேண்டாமெண்டு சொல்ல எங்களாலை ஏலாது, என்ன?”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவர் தட்டில் இன்னொரு அகப்பை ஊற்றுவேன். பாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் ஜெபம் பண்ணுவார். “உங்களுக்கு அது பரவாயில்லையா?” என்று பொன்னம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். கந்தையாவே கண்ணை மூடியபடி பதில் சொன்னார்: “ஐயா கதைக்கட்டும். அவர் கதைச்சால் எனக்கு நல்லா நித்திரை வருது.”

ஆண்டு மலரில் போட்ட நித்திரை இந்த நித்திரையாகத்தான் இருக்க வேண்டும்.

நவம்பரில் ஒருநாள் விடிகிற நேரம் அவர் மூச்சு நின்றது. பொன்னம்மா சத்தம் போட்டு அழவில்லை. சேலையை இழுத்து அவர் முகத்தை மூடிவிட்டு, கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு அடுப்பை மூட்டாமல் நின்றேன். எங்கள் ஊரிலும் பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியாது. பாஸ்டருக்கும் அது தெரியும், அவரும் எங்கள் ஊர்தானே. ஆனால் அவர், “முப்பது குடும்பத்துப் பிள்ளைகள் பசியோடு இருக்கும்மா, அடுப்பை மூட்டு” என்றார். மூட்டினேன். கஞ்சி கொதித்தது, மணி அடித்தேன், ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் தட்டோடு எழுந்தன, தாய்மார் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பாஸ்டரே அகப்பையோடு ஹாலுக்குள் போனார். “ஏன் யாரும் வரவில்லை? எங்கள் கஞ்சி தீட்டாகிவிட்டதா?”

செல்வராசாதான் பேசினான். முப்பது வயது இருக்கும், பள்ளிக்கூட வாத்தியார். “தீட்டெண்டு ஆர் சொன்னது ஐயா? இத்தனை நாளும் உங்கடை கஞ்சிதானே குடிச்சனாங்கள். ஒரு கூரைக்குக் கீழை இருக்கிறம். அவர் வெளிக்கிடாமல் இஞ்சை ஆரும் வாயிலை வைக்க மாட்டினம்.”

“அப்படியானால் சீக்கிரம் அனுப்புவோம். பின்னால் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது. நானே ஜெபம் பண்ணி அடக்கம் செய்கிறேன். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் சாப்பிடலாம்.”

பொன்னம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவரை மண்ணுக்குள்ளை வைக்காதேங்கோ. அவருக்கு நெருப்பு வைக்கவேணும்.”

“எங்கேம்மா கொண்டு போய் வைப்பது? விறகுக்கு எங்கே போவது? ரோட்டில் ராணுவம் நிற்கிறது.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் வழக்கத்தில் செத்தவரின் சொந்த வளவில் ஒரு மரத்தைத் தறித்து அந்த விறகில் எரிப்பார்கள். கந்தையாவின் மாமரம் சண்டிலிப்பாயில் நிற்கிறது. அங்கே போக முடியாது. இங்கே இருந்த விறகு குசினிக்குப் பின்னால் இருந்தது.

பாஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டார். “ரத்தினபாய், அந்த விறகு பிள்ளைகளின் அப்பம். அதைத் தொடக்கூடாது. செத்தவருக்கு எரித்துவிட்டால் உயிரோடு இருக்கிறதுகளுக்கு என்ன வைத்துச் சமைப்பாய்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முழுப் பொய்யாகப் பேசுகிறவரோடு சண்டை போடுவது சுலபம். நான் திரும்ப உள்ளே போய் அந்தப் பெண்களிடமே கேட்டேன். “எரித்தால் ஒரு வாரத்து விறகு போய்விடும். பிறகு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஒருநேரம்தான். என்ன சொல்கிறீர்கள்?”

கைக்குழந்தைக்காரி ஒருத்திதான் முதலில் வாயைத் திறந்தாள். “ஒருநேரம் போதும் அக்கா. நாளைக்கு என்ரை அம்மா செத்தாலும் உப்பிடித்தானே கிடப்பா.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் போய்க் குசினிப் பின்கதவைத் திறந்துவிட்டேன். பாஸ்டர், “இதில் நான் இல்லை” என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குள் போனார். அந்தச் சொல்லையும் வைத்திருக்கிறேன்.

அன்றைக்குப் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை ஊரடங்கு தளர்வு. சுடலை ஒன்றரைக் கிலோமீட்டர். நடுவில் சந்தியில் ராணுவக் காவல். பாஸ்டர் கூட வந்து பேசினால் விடுவார்கள் என்று செல்வராசா நம்பியிருந்தான். “உங்கடை நாட்டு ஆக்கள்தானே அக்கா” என்றான். பாஸ்டர் வரவில்லை, மற்றவர்களையும் விடவில்லை. அப்படியானால் நான்தான் மிச்சம்.

கைவண்டியில் விறகு. முன்னால் நான், பின்னால் பாடையைத் தூக்கிய நாலு பேர், கூட இரண்டு பெரியவர்கள். பெண்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள், அங்கே பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. சந்தியில் துப்பாக்கியை நீட்டி நிறுத்தினார்கள். நான் கையைத் தூக்கிக்கொண்டு, “செத்தவருக்குக் காரியம் பண்ணப் போறோம்” என்று கத்தினேன். மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எழும்பியது.

“எக்கா, நீங்க எந்த ஊரு?”

“நாசரேத் பக்கம் தம்பி.”

“நான் திசையன்விளைக்கா! இங்க வந்து என்ன செய்யுதீய?”

“கஞ்சி காய்ச்சுதேன்.”

“அதுக்கு இம்புட்டுத் தூரமா?” என்றான். அப்படிக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அவன் அதிகாரியிடம் இந்தியில் ஏதோ பேசிவிட்டு வந்தான். முகம் சுருங்கியிருந்தது. “வெறவு முழுசையும் எறக்கிக் காட்டணுமாம். பொணத்து மேல துணியையும் எடுக்கணும். தப்பா நெனைக்காதீய.”

இறக்கினேன். ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிப் பார்த்தார்கள். துணியை விலக்கினார்கள். நெற்றியில் பொன்னம்மா பூசிய திருநீறு காற்றில் கொஞ்சம் பறந்தது. செல்வராசா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் திசையன்விளைப் பையன் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பிறகு அவனும் சேர்ந்து விறகை வண்டியில் ஏற்றினான். “வெரசா முடிச்சிட்டு வந்துருங்கக்கா. ஒரு மணிக்கு மேல நான் இருக்க மாட்டேன், வேற ஆளு வந்துருவான்.”

சுடலை வாசலில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து முணுமுணுத்தார். “பொம்பிளை சுடலைக்கு வாறதோ?”

“உவ வராட்டி நாங்களும் வந்திருக்கேலாது. பேசாமல் இருங்கோ பெரியப்பா” என்றான் செல்வராசா.

நான் உள்ளே போகவில்லை, மதிலுக்கு வெளியே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேப்பம் விறகு சீக்கிரம் பிடிக்காது, காலையும் மாலையும் அதோடு போராடுகிற எனக்குத் தெரியும். கொண்டுவந்த கொஞ்ச மண்ணெண்ணெயும் தீர்ந்து, தேங்காய்ச் சிரட்டை போட்டு, பிறகுதான் புகை எழும்பியது. செல்வராசா கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து வந்தான். சந்தியைத் தாண்டும்போது திசையன்விளைப் பையன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். அவன் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

எல்லாரும் கிணற்றில் குளித்தார்கள். அடுப்பில் காலைக் கஞ்சி ஆறிக் கிடந்தது. தண்ணீர் விட்டுச் சூடாக்கி மணி அடித்தேன். முதலில் வந்தவர் பொன்னம்மா. தட்டை நீட்டினார்.

“இண்டைக்கும் கஞ்சிதானோ, இந்தியா?” என்றார்.

அப்போதுதான் அவர் அழுதார்.

பாஸ்டர் பயந்தபடியே ஐந்தாம் நாள் விறகு தீர்ந்தது. அவர் கோடரியை எடுத்துக்கொண்டு கோவில் வாசலில் நின்ற பூவரசைத் தானே தறித்தார். உழைத்துப் பழகாத கை, கொப்புளம் கொப்புளமாக வந்தது. தேங்காயெண்ணெய் போட்டுக் கட்டிவிட்டேன். கோபம் குறையவில்லை. பூவரசும் பச்சை மரம், புகை கண்ணைக் கெடுத்தது.

டிசம்பரில் எங்களைத் திருப்பி அனுப்பக் காங்கேசன்துறையில் கப்பல் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை பொன்னம்மா குசினிக்கு வந்தார். கையில் ஒரு பால்மாப் பேணி. தகர டின்னை அங்கே பேணி என்பார்கள். துணி கட்டி மூடியிருந்தது.

“அவரின்ரை சாம்பல், செல்வராசா பிறகு போய் அள்ளிக்கொண்டு வந்தது. முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடலிலை கரைச்சிருக்கவேணும். பாதை விடேல்லை. நீங்கள் கப்பலாலை போகேக்கை கீரிமலைக்கு முன்னாலைதானே போவியள்?”

“நானா பொன்னம்மாக்கா? நான் வேதக்காரி.”

“கடலுக்கு உது தெரியாது. பாதியை நான் வைச்சிருக்கிறன், பாதை திறந்தா செல்வராசா கொண்டு போவான். பாதி உங்களோடை போகட்டும். ரெண்டிலை ஒண்டாவது போய்ச் சேரும்.” துணிக்கட்டை இறுக்கிவிட்டு, “பேணியை எறிஞ்சு போடாதேங்கோ, திருப்பித் தாங்கோ. சீனி போட்டு வைக்க நல்ல பேணி” என்றார்.

துறைமுகத்தில் ஒரு சிப்பாய் பேணியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் விரலைப் பல்லில் தேய்த்துக் காட்டினேன். பல்லுக்குப் போடும் சாம்பல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டான்.

கப்பல் கிளம்பியதும் கரை தெரிகிற பக்கக் கம்பியோரம் கூட்டமாக நின்று பார்த்தோம். உள்ளூர்க்காரர் ஒருவர், “அந்தா, கீரிமலை” என்று கையைக் காட்டினார். நான் பேணியைத் திறந்தேன். பாஸ்டர் பக்கத்தில் வந்து, “அதில் என்ன?” என்று கேட்டார்.

“கந்தையா” என்றேன்.

அவர் வாயைத் திறந்தார், மூடினார், நகர்ந்து போனார். அந்த நாலு மாதத்தில் அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அவர்கள் தேவாரம் எனக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்த பாட்டைப் பாடினால் அவருக்கு நித்திரை வந்துவிடும். ஆகவே, “போயிட்டு வாங்கய்யா, இன்னைக்குக் கஞ்சி இல்லை” என்று சொல்லிவிட்டுக் கொட்டினேன். கொஞ்சம் காற்றில் திரும்பி என் சேலையில் விழுந்தது. தட்டிவிடவில்லை.

அதன் பிறகு எந்த ஊழியக் குழுவிலும் என்னைச் சேர்க்கவில்லை. சமையலுக்குக்கூட.

போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். இப்போது விமானம் நேரே பலாலியில் இறங்குகிறதாம், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலும் ஓடுகிறதாம். கப்பல் ஓடுகிற மாதத்தையும் கட்டணத்தையும் கிளம்பும் முன் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். கித்தான் பையில் நாலு பழைய சேலை, டார்ச், வயிற்றுக்கு மருந்து கொண்டு போங்கள். சாப்பிடுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். சமைப்பவளுக்கும் ஒரு பணிஸ் வாங்குங்கள். ஹாலில் யாராவது செத்துப்போனால், அடுப்பை மூட்டும் முன் அவருடைய ஆட்களைக் கேளுங்கள்.

பெட்டியில் ஒரு பேணிக்கு இடம் விட்டு வையுங்கள். இங்கே என் அலமாரியில் இருக்கிறது, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பொன்னம்மா இப்போது இருக்க மாட்டார். சண்டிலிப்பாயில் செல்வராசா வாத்தியார் வீடு என்று கேளுங்கள், யாராவது காட்டுவார்கள். பேணியைக் கொடுத்துவிட்டு, மற்றப் பாதி கீரிமலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு வாருங்கள். என் பாதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்.